ஆறு மணிச் சட்டி

டெச்சிமான்
22 ஜனவரி 1978

என் வாத்தியாருக்கு,

அஃபுவா பிராகோ எழுதுவது. மூச்சு ஓடுகிறது, முதுகு வலிக்கிறது, மற்றபடி இங்கே குறையில்லை. அங்கே உங்கள் உடம்பு எப்படி? பௌச்சியில் இந்த மாதம் புழுதிக்காற்று கண்ணைத் திறக்கவிடாது என்று லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். உதடு வெடித்தால் தடவிக்கொள்ளப் பெட்டியின் அடியில் ஷியா வெண்ணெய் டப்பா வைத்திருக்கிறேன். தேடிப் பார்க்காமல் 'இல்லை' என்று எழுதாதீர்கள்.

ஏரிக்கரை யெஜியிலிருந்து மீன் நன்றாக வருகிறது. புகை சரியாக ஏறிய மீன், ஈ மொய்க்காத மீன். வெள்ளிக்கிழமைச் சந்தையில் மத்தியானத்துக்குள் எல்லாக் கூடையும் காலி. நைஜீரியாவில் வாத்தியாருக்கு நல்ல மரியாதை என்கிறார்கள். உண்மையா?

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். போன செவ்வாய்க்கிழமை கடையைக் கட்டிவிட்டு எழுந்தேன். கால் தன்பாட்டுக்கு உங்கள் அக்கா வீட்டுப் பக்கம் நடந்துவிட்டது. முற்றத்தில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, தலையிலும் ஒன்றுமில்லை, கையிலும் ஒன்றுமில்லை. கொனாடு அண்ணி சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, சட்டியக் காணோம்? தம்பி ஊர்ல இல்லேன்னா என் வயிறுமா ஊருக்குப் போயிடுச்சு?"

"கொஞ்சம் உப்பு கேக்கலாம்னு வந்தேன் அண்ணி."

"மீன் விக்கிறவ வீட்டுல உப்பு இல்லையா!"

கொடுத்தாள். வாங்கி வந்தேன். அந்தப் பொட்டலம் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

ஒப்பந்தம் டிசம்பர் வரை. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். எனக்கு வியாபாரம் இருக்கிறது, நாள் ஓடிவிடும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
அஃபுவா


பௌச்சி
19 பிப்ரவரி 1978

அன்புள்ள அஃபுவா,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு இருமல் பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதிக்கு மருந்து சாப்பிடுகிறேன். முதுகு வலிக்கு நீ என்ன செய்கிறாய்? கூடை தூக்க ஆள் வைத்துக்கொள் என்றால் கேட்கமாட்டாய். வெண்ணெய் டப்பா கிடைத்தது. இரண்டாம் நாள்தான் தேடினேன், ஒத்துக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடம் பரவாயில்லை. பிள்ளைகள் கணக்கில் கெட்டி. பக்கத்து அறையில் மாலம் கர்பா என்று ஒருவர், சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர், நல்ல மனுஷன். நம் ஊர் வழக்கத்தைச் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார்.

"ஒரே ஊரு. நடந்தா பத்து நிமிஷம். புருஷன் அக்கா வீட்டுல, பெண்டாட்டி அம்மா வீட்டுல! அப்புறம் எதுக்கு சார் உங்களுக்குக் கல்யாணம்?"

"சாயங்காலம் ஆறு மணிக்குச் சட்டி வரும் சார். அதுதான் கல்யாணம்."

"சட்டி வரலேன்னா?"

"வரலேன்னா ஊரே வந்து என்ன ஆச்சுன்னு கேக்கும்."

விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆறு மணி ஆனதும் சிரிப்பு போய்விட்டது. இங்கே சோளக்களியும், காய்ந்த இலையை இடித்துப் போட்ட வழவழக் குழம்பும். கெட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வாசலைப் பார்த்து யாரும் வராத சாப்பாடு அது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். சந்தையில் ஒரு சட்டி வாங்கிவிட்டேன். சிரிக்காதே. இங்கே எங்கே பார்த்தாலும் நிலக்கடலை. உன் நிலக்கடலைக் குழம்பை எப்படி வைப்பாய் என்று ஒன்றுவிடாமல் எழுது. எவ்வளவு, எப்போது, எத்தனை நேரம். நான் கணக்கு வாத்தியார், 'கொஞ்சம்' என்று எழுதினால் எனக்குப் புரியாது.

உன் நலத்துக்கு வேண்டிக்கொண்டு,
யாவ் அதார்குவா


டெச்சிமான்
12 மார்ச் 1978

சேவா அக்காவுக்கு,

குமாசி எப்படி இருக்கிறது? மகள் வீட்டில் உன்னை உட்காரவைத்துச் சோறு போடுகிறார்களா, இல்லை அங்கேயும் நீதான் கரண்டி பிடிக்கிறாயா? கால் வீக்கம் வடிந்ததா?

நீ சாப்பாட்டுக் கடையைச் சாத்திவிட்டுப் போய் இரண்டு மாதத்தில் நான் மாட்டிக்கொண்டேன். வாத்தியார் என் நிலக்கடலைக் குழம்பின் செய்முறை கேட்டு எழுதியிருக்கிறார். என் குழம்பு! அது யார் குழம்பு என்று உனக்கும் எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

ஒன்பது வருடம். உன் கடைப் பின்வாசலில் என் சட்டியை நீட்டுவேன், நீ ஊற்றுவாய், நான் துணி போட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டு பெரிய தெரு வழியே ராணி மாதிரி நடப்பேன். கல்யாணமான முதல் வாரம் நானாக ஒன்று வைத்தேன், கரி. பதினோரு வயதில் மீன் லாரியில் ஏறியவள் நான். என்னை யார் அடுப்படியில் நிற்க விட்டார்கள்? அன்று அவசரத்துக்கு உன்னிடம் வாங்கி அனுப்பினேன். சட்டி வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தது. 'இப்படி ஒரு கைமணம் நான் கண்டதில்லை' என்று சொல்லியனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

ஊரில் எல்லோர் குழம்பிலும் கிடப்பது என் மீன். என் அடுப்பில் மட்டும் பூனை படுத்திருக்கிறது. இது கொனாடு அண்ணிக்குத் தெரிந்தால் சந்தைக்கு நடுவே நின்று சொல்வாள். அதுகூடப் போகட்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே தினமும் போய் வந்தது அந்தச் சட்டி ஒன்றுதான். அதுவும் பொய் என்றால் அவருக்கு நான் யார்?

சீக்கிரம் எழுது. உனக்கு நல்ல பெரிய மீனாகப் பொறுக்கி வைக்கிறேன்.

அஃபுவா


குமாசி
2 ஏப்ரல் 1978

அடியே அஃபுவா,

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். அவள் சிரிப்பதால் எழுத்து கோணலாக இருக்கும். கால் வீக்கம் வடிந்தது. இங்கே என்னை அடுப்புப் பக்கமே விடமாட்டேன் என்கிறார்கள், அதனால் வேறு வியாதி வரும்போல இருக்கிறது.

நான் எழுபது பேருக்கு வைத்த குழம்பு அது. அளவு கேட்டால் எனக்குக் கைதான் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். கடலையைக் கருகாமல் வறுத்துத் தோல் ஊதி, விழுதாக அரை. வெங்காயம், தக்காளி, மிளகாயை முழுசாக வேகவைத்து எடுத்து உள்ளே வரி கீறிய மண்சட்டியில் மசி. விழுதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சின்னத் தீயில் கிண்டு. முதலில் சேறு மாதிரி இருக்கும், பிறகு சிடுசிடுக்கும், பிறகு ஓரத்தில் செந்நிறமாய் எண்ணெய் விடும். விட்ட பிறகுதான் மசித்ததும் தண்ணீரும். மீனை வெந்நீரில் அலசி, முள் எடுத்துக் கடைசியில் போடு. முதலிலேயே போட்டால் உதிர்ந்து கூழாகிவிடும்.

இதில் ரகசியம் ஒன்றுதான். எண்ணெய் விடும்வரை அந்த இடத்தை விட்டு நகராதே. உன் வியாதி அதுதாண்டி. உனக்கு ஓடத் தெரியும், பேரம் பேசத் தெரியும், நிற்கத் தெரியாது. முதல் வாரம் கரியானது ஏன் என்று நினைத்தாய்? 'மீன் லாரி வந்துடுச்சு'ன்னு நடுவில் ஓடியிருப்பாய்.

என்னிடம் கேட்டு எழுதிவிடலாம், சரி. டிசம்பரில் அவன் வந்து நிற்பானே, அப்போது பெரிய தெருவில் எதைச் சுமந்து போவாய்? அதை யோசித்தாயா? மீனை மறக்காதே.

சேவா


டெச்சிமான்
7 மே 1978

என் வாத்தியாருக்கு,

தாமதத்துக்குக் கோபிக்கவேண்டாம். லாரி அச்சு முறிந்தது, பிறகு மழை, பிறகு ஒரு சாவு. உங்கள் இருமல் முழுதாக நின்றதா? என் முதுகு இப்போது தேவலை, கை மட்டும் இரண்டு இடத்தில் சுட்டிருக்கிறது. அது ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்டது. ஒருவருக்கு, இரண்டு வேளைக்கு: நிலக்கடலை விழுது ஒரு பால் டின், தலை தட்டி. தக்காளி நடுத்தரம் நாலு. வெங்காயம் ஒன்று பெரியது. மிளகாய் மூன்று, உங்களுக்கு நாலு. தண்ணீர் ஐந்து பால் டின், ஒரேயடியாக அல்ல. விழுதைச் சின்னத் தீயில் கிண்டும்போது முதலில் ஒன்றும் நடக்காது. 'இது எங்கே எண்ணெய் விடப்போகிறது' என்று தோன்றும். அப்போது வேறு வேலைக்குப் போகக்கூடாது. வாசலில் யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது. நான் நின்றபோது என் கடிகாரத்தில் இருபத்தைந்து நிமிடம். இருபத்து மூன்றாவது நிமிடம்வரை வெறும் சேறு. அப்புறம் ஓரத்தில் ஒரு சொட்டு. ஒரே சொட்டு. அதைப் பார்த்ததும் எனக்கு ஏனோ கையைத் தட்டவேண்டும்போல இருந்தது.

இந்தத் தாளில் எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது. வேறு தாள் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இதோடு மீன் பொட்டலம் வருகிறது. ஓட்டுநரிடம் வெயிலில் வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று கொனாடு அண்ணி வாசலில் வந்து மூக்கை உறிஞ்சினாள். "புருஷன் ஊர்ல இல்ல, யாருக்குடி இந்த மணம்?" என்றாள். "எனக்குத்தான் அண்ணி" என்றேன். ஒரு கிண்ணம் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிண்ணத்தை விரலால் வழித்தாள்.

சாப்பிட்டுவிட்டு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். உண்மையை எழுதுங்கள்.

உங்கள்
அஃபுவா


பௌச்சி
18 ஜூன் 1978

அன்புள்ள அஃபுவா,

நலம். இருமல் ஓடிப்போயிற்று. கைச்சூடு ஆறிவிட்டதா? எதனால் சுட்டது என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் தடவை பதினெட்டாவது நிமிடத்தில் கர்பா கூப்பிட்டார் என்று போனேன். அடிப்பிடித்தது. நீ எழுதியதை மதிக்காததற்குத் தண்டனை. இரண்டாவது தடவை கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அந்த ஒரு சொட்டு வந்தது. கைதட்டினேன். பக்கத்து அறையில் கேட்டிருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் ஊர் வாத்தியார்கள் நாலு பேர் என் அறைக்கு வருகிறார்கள். ஒருவன் கேலி செய்தான், "யாவ், அடுத்து பாவாடை எப்பக் கட்டப்போறே?" என்று. இரண்டாவது கிண்ணம் கேட்டபோது நானும் அவனைக் கேட்டேன், "பாவாடை கட்டினவன் கையால சாப்பிடுவியா?" என்று. சாப்பிட்டான். மாலையில் பள்ளிக்கூடம் விட்டால் எனக்கு இப்போது கால் சந்தைக்கு இழுக்கிறது. வெங்காயத்தைப் பிடித்துப் பார்த்து வாங்குகிறேன். நாற்பத்திரண்டு வயதில் இது என்ன பைத்தியம் என்று தெரியவில்லை. தெளியாது போலிருக்கிறது. அடுத்து சேம்பிலைக் கறி எழுது.

இன்னொன்று. தலைமையாசிரியர் கூப்பிட்டுப் பேசினார். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டுவார்களாம், சம்பளமும் கூடுமாம். டிசம்பர் பத்தாம் தேதிக்குள் கையெழுத்து. நீ என்ன சொல்கிறாய்?

பதிலை எதிர்பார்த்து,
யாவ்


டெச்சிமான்
16 ஜூலை 1978

என் வாத்தியாருக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது.

சேம்பிலைக் கறியின் விவரம் தனித் தாளில். இலையை இரண்டு தண்ணீரில் வேகவைக்காவிட்டால் தொண்டை அரிக்கும். பூசணி விதைப்பொடியைச் செம்பனை எண்ணெயில் போட்டதும் கிளறாதீர்கள், கட்டியாகட்டும், பிறகு உடையுங்கள்.

ஒப்பந்த விஷயம். நல்ல சம்பளம் என்றால் இருங்கள். கிடைக்கும்போது விடக்கூடாது. நானாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன். எனக்கு இங்கே கடை இருக்கிறது, ஒரு குறையுமில்லை.

மழை அதிகம். மீன் ஈரம் வாங்குகிறது.

அஃபுவா


டெச்சிமான்
10 செப்டம்பர் 1978

யாவ் அதார்குவா அவர்களுக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சுகமில்லையா என்று பார்த்தால், பௌச்சியிலிருந்து வந்த ஓட்டுநர் நீங்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னான். 'வாத்தியார் தக்காளி வாங்கிட்டிருந்தாரு' என்றான். அதனால் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை.

சரக்கில் பழுது இருந்தால் வாங்குகிறவருக்கு முன்னாலேயே கூடையைக் கவிழ்த்துக் காட்டிவிடுவது என் வழக்கம். உங்களிடம் மட்டும் அப்படிச் செய்யவில்லை. இப்போது செய்கிறேன்.

ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட உங்களுக்கு நான் சமைத்ததில்லை. வந்ததெல்லாம் சேவா கடைச் சாப்பாடு. செம்பனைக் குழம்பு, கடலைக் குழம்பு, நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது குடித்த மிளகுத் தண்ணீர், எல்லாம். நான் செய்தது சுமந்தது மட்டும். அவள் கடை அடைத்த நாளில் 'இன்று தலைவலி' என்று சொல்லிச் சோள உருண்டை வாங்கி அனுப்பினேன். எனக்குத் தலைவலியே வராது.

மே மாதம் எழுதிய குழம்பு சேவாவிடம் கடிதத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டது. அதை ஐந்து தடவை வைத்து, நாலு தடவை தெருநாய்க்கு ஊற்றி, ஐந்தாவதை உங்களுக்கு எழுதினேன். அதுதான் என் அடுப்பிலிருந்து உங்களுக்கு வந்த முதல் குழம்பு. அதையும் நீங்களேதான் வைத்துக்கொண்டீர்கள்.

'சட்டி வருமே, அதுதான் கல்யாணம்' என்று உங்கள் சிநேகிதரிடம் சொன்னதாக எழுதினீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து தொண்டையில் முள் நிற்கிறது. பெரியவர்களைக் கூட்டிப் பேசவேண்டும் என்றால் பேசுங்கள். கல்யாணத்துக்குப் பரிசமாக என் வீட்டார் உங்களிடம் வாங்கிய மதுவைத் திருப்பித் தரச் சொன்னால் தந்துவிடுகிறேன். வாதாடமாட்டேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அஃபுவா பிராகோ


டெச்சிமான்
12 நவம்பர் 1978

சேவா அக்காவுக்கு,

மீன் வந்து சேர்ந்ததா? பேத்தி பிறந்த சேதி கேட்டேன், நல்லபடியாக வளரட்டும். உன் கால் எப்படி?

அவருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இரண்டு மாதமாகிறது. பதில் இல்லை. நானும் தபால்காரரை இப்போது முகம் பார்ப்பதில்லை, அவருக்கே சங்கடமாக இருக்கிறது.

நீ கேட்டாயே, டிசம்பரில் எதைச் சுமந்து போவாய் என்று. அந்தப் பயத்தில்தான் அவருக்கு 'அங்கேயே இருங்கள்' என்று எழுதினேன். உன்னிடம் சொல்வதற்கென்ன. அவர் வந்தால் முதல் வாயிலேயே கை மாறிவிட்டது என்று கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். புருஷன் வேண்டும், அவர் நாக்கு மட்டும் வரவேண்டாம் என்று நினைத்தால் நடக்குமா? 'வாங்க'ன்னு மூணு தடவை எழுதினேன் அக்கா. மூணு தாளையும் அடுப்புல போட்டேன். விலை சொன்னா நான் மாத்திச் சொல்றவ இல்ல. ஆனா வேணும்னு கேக்க எனக்கு வராது. கேட்டு எதுவும் எனக்குக் கிடைச்சதில்ல, எல்லாம் சம்பாதிச்சதுதான்.

சிரிக்க ஒன்று சொல்கிறேன். சந்தையில் நாலு மணிக்கே எனக்குக் கை பரபரக்கிறது. நல்ல வியாபாரம் நடக்கும்போதே கூடையை மூடிவிட்டு வருகிறேன், பக்கத்துக் கடைக்காரிகள் எனக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்கிறார்கள். செம்பனைப் பழத்தை வேகவைத்து, உரலில் இடித்து, வெந்நீரில் பிசைந்து சக்கையை வடிக்கும்போது கையெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. கொதித்துக் கொதித்து மேலே எண்ணெய் மிதக்கும் நேரம் ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கும். நான் அசையாமல் நிற்பேன். முப்பது வருடத்தில் எனக்கு அப்படி நிற்க நேரம் கிடைத்ததில்லை. இனி அவர் வந்தாலும் வராவிட்டாலும் இந்த அடுப்பை யாருக்கும் விடமாட்டேன். சாகும்வரை என் கஞ்சியை நானே காய்ச்சிக்கொள்வேன்.

ஆனால் ஆறு மணிக்குக் குழம்பு தயார். அதை இறக்கிவைத்துவிட்டு வாசலைப் பார்க்கிறேன். தலை வெறுமையாக இருக்கிறது அக்கா.

அஃபுவா


பௌச்சி
19 நவம்பர் 1978

அன்புள்ள அஃபுவா,

உடம்பு நலம். மனம் நலமில்லை, அதைத் தனியாக எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தபோது விழுது அடுப்பில் இருந்தது. நின்றுகொண்டே படித்தேன். அடிப்பிடித்துச் சட்டியே போயிற்று. பிறகு எத்தனையோ பதில் எழுதிக் கிழித்தேன்.

சேவா சமைத்தாள் என்பது எனக்குத் தெரியும். கல்யாணமான இரண்டாம் மாதத்திலிருந்து தெரியும். மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து அவள் கடை வழியாகத்தான் வருவேன். அங்கே என்ன மணக்கிறதோ அதுதான் ஆறு மணிக்கு உன் தலையில் வரும். கல்யாணமானவன் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் பெண்டாட்டிக்குத்தான் அவமானம். அதனால் மணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து காத்திருப்பேன். கொனாடு அக்காவுக்கும் தெரிந்திருக்கும். 'வாயைத் திறந்தா எனக்கும் கிண்ணம் நின்னுபோகும்'னு பேசாமல் இருந்திருப்பாள்.

சேவா கடையைச் சாத்தியது நான் லாரி ஏறிய அதே வாரம். தெரிந்துதான் உன்னிடம் செய்முறை கேட்டேன். குறும்பு என்று வைத்துக்கொள். உன் கடிதத்தில் மீனும் மழையும்தான் இருக்கும், உன்னைப் பற்றி ஒன்றும் இருக்காது. இதைக் கேட்டால் உண்மையைச் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று நினைத்தேன். நீ சொல்லவில்லை. ஆனால் எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாள் வந்தது. முகர்ந்து பார்த்தேன். நீ அடுப்படியில் நின்று எழுதியிருக்கிறாய். எனக்காக இருபத்தைந்து நிமிடம் நின்றிருக்கிறாய். அந்தத் தாளை நான் பாடப்புத்தகத்தில் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் 'சார் புத்தகத்துல கடலை வாசனை' என்கிறார்கள்.

சாப்பாடு யார் கை என்பதில் எனக்குக் கோபமில்லை. சுமந்து வந்தது உன் தலை. ஒன்பது வருடம், மழையிலும். நான் எழுதாமல் இருந்தது உன் ஜூலைக் கடிதத்துக்காக. 'இருங்கள்' என்று எழுதினாய். அதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ருசி பிடிபடவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், கூடையைக் கவிழ்த்துப் பதில் சொல். அந்தச் சொல் உன் அடுப்பில் வெந்ததா, கடையில் வாங்கியதா?

கையெழுத்து டிசம்பர் பத்தாம் தேதி.

யாவ்


தந்தி
டெச்சிமான், 4 டிசம்பர் 1978
பெறுநர்: யாவ் அதார்குவா, பௌச்சி

கடையில் வாங்கியது. வாருங்கள். அஃபுவா.


கொனாடு அக்கா வீடு
22 டிசம்பர் 1978, மாலை

அஃபுவா,

நேற்று ராத்திரி வந்து சேர்ந்தேன். நல்ல சுகம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. இதைச் சட்டி மூடிய துணிக்கு அடியில் வைக்கிறேன்.

வந்ததும் உன் வீட்டுக்கு ஓடிவரத்தான் நினைத்தேன். ஆனால் ஒன்பது வருடம் வாங்கித் தின்றவன் வெறுங்கையோடு எப்படி வருவது? கடலை பௌச்சியிலிருந்து கொண்டுவந்தது. மீன் உன் கடை மீன், அக்காவை விட்டு வாங்கினேன். சட்டியை நானே தலையில் சுமந்து பெரிய தெரு வழியாக வரப்போகிறேன். ஆம்பளை, அதுவும் வாத்தியார், சட்டி சுமந்து பெண்டாட்டி வீட்டுக்குப் போவதை இந்த ஊர் பார்த்ததில்லை. பார்க்கட்டும். வாசலில் வைத்துவிட்டு முறைப்படி திரும்பிவிடுவேன். சாப்பிட்டுவிட்டுச் சொல்லியனுப்பு. உண்மையைச் சொல்.

யாவ்


அதே தாளின் பின்பக்கம்

என் வாத்தியாருக்கு,

உங்கள் சுகம் தெருவுக்கே தெரிந்துவிட்டது, தனியாகக் கேட்கவேண்டியதில்லை. நீங்கள் வரும்போது தக்காளிக்காரிகள் கூடையைப் போட்டுவிட்டு எழுந்து நின்று சிரித்தார்கள். "வாத்தியாரே, எனக்கும் ஒரு சட்டி!" என்று ஒருத்தி கத்தியது இங்கே கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கழுத்தை இப்படியா பிடிப்பார்கள்? சட்டியைச் சுமக்கத் தெரியவில்லை உங்களுக்கு.

சாப்பிட்டேன். எண்ணெய் சரியாக விட்டிருக்கிறது. மீனைச் சரியான நேரத்தில் போட்டிருக்கிறீர்கள். உப்பு ஒரு சிட்டிகை குறைச்சல். ஜனவரியில் உங்கள் வீட்டில் வாங்கிய பொட்டலம் பிரிக்காமல் இருந்தது, அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டேன். இப்போது சரியாக இருக்கிறது.

கொனாடு அண்ணி உங்கள் பின்னாலேயே வேடிக்கை பார்க்க வந்து, இங்கேயே உட்கார்ந்து ஒரு கிண்ணம் குடித்துவிட்டாள். இந்தத் தாளை அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். வழியில் படிப்பாள். படிக்கட்டும்.

என் அடுப்பில் செம்பனைக் குழம்பு இருக்கிறது. ஃபூஃபூவுக்குக் கிழங்கும் இடித்தாயிற்று. முறைப்படி நான் இப்போது அதைத் தலையில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரவேண்டும். வரமாட்டேன். இன்று ஒரு நாள் இரண்டு சட்டியும் இங்கேயே இருக்கட்டும். நீங்கள் வாருங்கள். ஒரே கிண்ணத்தில் சாப்பிடலாம்.

அடுப்பை விட்டு நகரமாட்டேன். கதவு திறந்திருக்கிறது, நேரே உள்ளே வாருங்கள்.

அஃபுவா